4 நாள் ராஃப்டிங்: மூக்குக்கண்ணாடிக்கு என்ன வழி?

வணக்கம். அடுத்த மாதம் நானும் தங்கையும் வழிகாட்டியோடு 4 நாள் ராஃப்டிங் (காற்றடைத்த படகில் ஆற்றுப் பயணம்) போகிறோம். பகலில் கிரேடு 3, 4 ரேபிட்ஸ் (நடுத்தரம் முதல் கடினம் வரையான வேக நீரோட்டம்), இரவில் ஆற்றங்கரையில் கூடாரம். பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும் என்பதால் பாலியஸ்டரும் கம்பளியும் எடுத்து வைத்துவிட்டேன்.

கவலையெல்லாம் தங்கையின் மூக்குக்கண்ணாடிதான். கழற்றினால் எதிரே இருப்பவர் முகமே அவளுக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கும், காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டை போட்டால், படகு கவிழ்ந்தாலும் ஹெல்மெட்டுக்கு அடியில் கண்ணாடி நிற்குமா?

அப்புறம் ட்ரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை. வாயை மூன்று மடிப்பு சுருட்டி, நேற்று வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே வைத்த துண்டின் ஓரம் ஈரமாகிவிட்டது. காற்றை முழுதாக வெளியேற்றாததுதான் தப்பா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.