நாற்பது ஆண்டு பேஸ் வாசித்த கைக்கு ம்பகாங்கா ஏன் இன்னும் வசப்படவில்லை?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

நண்பர்களுக்கு வணக்கம். என் பதினேழாம் வயதில், எங்கள் திருமண இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் வராத ஓர் இரவில், எனக்குக் கிட்டார் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கனத்த கருவியை என் தோளில் மாட்டினார்கள். அன்று முதல் கோயில் திருவிழா, திரைப்பாடல், ரெகே, ஜாஸ் என்று எதற்கு அழைத்தாலும் மகிழ்ச்சியோடு போயிருக்கிறேன். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் பாடகருக்குப் பக்கத்திலேயே தனியொரு மெட்டாக நடந்து போகும். அதைக் கேட்டுக் கேட்டே என் கை வளர்ந்தது. இப்போது ஜூலு நண்பர் ஒருவர், ம்பகாங்கா என்ற தென்னாப்பிரிக்க ஆட்ட இசையை வாசிக்கும் தம் குழுவுக்கு அழைத்திருக்கிறார். ஸ்வரம் ஒன்றுகூடத் தவறவில்லை, ஆனாலும் என் பேஸ் பின்னால் நிற்கிறது என்கிறார். நான் எதை மாற்ற வேண்டும்? கழுத்தில் ஃபிரெட் என்ற குறுக்குக் கம்பிகள் இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸ் வாங்கினால் உதவுமா?

மறுமொழி 1 (ஃபீனிக்ஸ், டர்பன்)

ஐயா, ம்பகாங்காவில் பேஸ் துணைக் கருவி அன்று. முன்னே நின்று பாட்டையே இழுத்துச் செல்வது அதுதான். மகோனா சோலே குழுவில் ஜோசப் மாக்வேலா வாசித்ததைக் கேளுங்கள், ஆனால் கைப்பேசியில் கேட்காதீர்கள்: பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்தச் சிறிய ஒலிபெருக்கி அதை விழுங்கிவிடும். மூன்றே கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில்) சுழலும் ஒரு சிறு சொற்றொடரை அவர் எத்தனை முறை திரும்ப வாசித்தாலும், அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் புறப்படுவதுபோல் இருக்கும். திரைப்பாடலில் பழகிய நமக்கு, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றை வேறுவிதமாக அலங்கரிக்கக் கை துடிக்கும். உங்களைப் பின்னால் இழுப்பது அந்த அலங்காரம்தான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஃபிரெட்லெஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், அண்ணா. 1986-இல் வெளிவந்த அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லாந்து' தொகுப்பில் சொவேட்டோவின் பக்கிதி குமாலோ அதைப் பாட வைத்ததைக் கேட்டுத்தான் நானும் வாங்கினேன். வீணையில் மெட்டு என்ற குறுக்குக் கம்பியின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறோம். இதில் அந்த மெட்டே இல்லாததால் விரலை வழுக்கியே பிடிக்க வேண்டும். மேலும், ஃபிரெட் உள்ள கருவியில் விரல் குறுக்குக் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அழுந்தினாலும் சுருதி சேரும். இதில் அந்தக் குறுக்குக் கம்பி இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே விரல் அழுந்த வேண்டும். ஆறு மாதம் என் சுருதி என்னையே வருத்தியது. வாங்குங்கள், ஆனால் இந்தக் குறைக்கு அது மருந்தாகாது.

மறுமொழி 3 (ரோஸ் ஹில், மொரிஷியஸ்)

தம்பி, நான் மூத்தவள் என்பதால் அப்படி அழைக்கிறேன். எங்கள் தீவின் ஆட்ட இசையான செகாவிலும் இதே சிக்கல் எனக்கு இருந்தது. ஆட்டுத்தோல் மேளமான ரவான்னை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி வாசிக்கும்போது, ஆறு எண்ணிக்கையை இரண்டு மூன்றுகளாகவும் மூன்று இரண்டுகளாகவும் ஒரே நேரத்தில் காது கேட்கும். அந்த இழுபறியில்தான் ஆட்டமே பிறக்கிறது. பேஸ் ஒரு பக்கமாக முடிவு கட்டிவிட்டால் ஆடுபவர்களின் கால் சோர்ந்துவிடும். அதனால் சில காலம் பேஸைத் தொடாமல் ரவான்னை மட்டும் பழகினேன், அதன்பிறகே எங்கே வாசிக்கக் கூடாது என்பது தெரிந்தது. உங்கள் குழுவிலும் கிட்டார்காரரின் வலக்கையை ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேட்டவர்

அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. நேற்றிரவு ஒரே சொற்றொடரை அரை மணி நேரம் மாற்றாமல் வாசித்து ஒலிப்பதிவு செய்தேன். நான்காவது சுற்று வரும்போதெல்லாம், நான் அறியாமலே என் சுட்டுவிரல் ஒரு ஸ்வரத்தைக் கூட்டியிருக்கிறது, அதற்கடுத்த தட்டு ஒவ்வொரு முறையும் தாமதமாகவே விழுந்திருக்கிறது. சனிக்கிழமை ஒத்திகைக்கு முன் அந்த ஒரு ஸ்வரத்தை நிறுத்தப் பார்க்கிறேன்.