தொலைநோக்கியில் பார்த்து இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: உங்கள் அனுபவம் என்ன?

மொட்டைமாடி_ஆறங்குலம்

சிக்னஸ் எக்ஸ்-1 இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்: அன்னம் (சிக்னஸ்) விண்மீன் கூட்டத்தில், ஒரு நட்சத்திரத்தோடு சேர்ந்து சுற்றும் கருந்துளை. நான் அதைத் தேடிப் போனது ஜவ்வாது மலைக்கு. மாசிக் கடைசி, அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை விடியல். காவலூர் ஆய்வகம் இருக்கிற அதே மலைதான், ஆனால் நாங்கள் தங்கியது அங்கிருந்து தள்ளி, சாமை பயிரிடும் ஒரு பெரியவர் வீட்டுக் களத்தில். 6 அங்குல டாப்சன் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி), 25 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), கையில் அச்சடித்த வரைபடம். அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு அன்னம் வடகிழக்கில் நன்றாக ஏறியிருந்தது. எட்டா சிக்னை என்ற நட்சத்திரத்தைப் பிடித்து அங்கிருந்து நகர்ந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, எச்டிஈ 226868 என்ற நட்சத்திரம் இதுதான் என்று உறுதியாவதற்கு இருபது நிமிடம் ஆனது. பிரகாச எண் (மேக்னிட்யூட்) 9, எண் கூடக் கூட மங்கல் என்பதால் சின்னப் பொட்டுதான். அதை ஒட்டி, அந்த ஐபீஸில் பிரித்துப் பார்க்கவே முடியாத நெருக்கத்தில், 21 சூரியன் நிறையுள்ள ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. 7,200 ஒளியாண்டு தூரம். எனக்குக் கை நடுங்கியது, குளிரால் மட்டும் இல்லை.

பெரியவர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டு சும்மா நிக்குதா, சுத்துதா?" என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு சேர்ந்து சுற்றுகிறது, அஞ்சரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும் ஒரு சுற்றுக்கு என்றேன். அவர் விரல் மடக்கி எண்ணினார். சனி, ஞாயிறு, திங்கள்... "அப்ப வியாழக்கிழமை பொழுது சாயறப்ப மறுபடி இதே எடத்துக்கு வந்துரும்" என்றார், ஊருக்கு வரும் பஸ்ஸைச் சொல்வது போல.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஆறு மணி. ஒரு சுற்று முடியப்போகிறது என்று திடீரென்று நினைவு வந்தது. பத்து வருடமாக இதைப் படிக்கிறேன். அது இப்போது, இந்த நிமிடமும் ஓடுகிறது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் எத்தனையோ வியாழக்கிழமை வந்துவிட்டது, இன்னும் சாயங்காலத்தில் அந்தக் களம் ஞாபகம் வருகிறது.

உங்களுக்கு அப்படி எது?

கன்னிராசி_கேலக்சி

நல்ல அனுபவம் தம்பி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் பார்த்தது கருந்துளை இல்லை, அதன் கூட்டாளியான நீல ராட்சத நட்சத்திரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் வானம் காட்டும்போது இந்த இரண்டையும் குழப்பினால், "கருந்துளையைப் பார்த்தேன்" என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். பிற்பாடு அதைத் திருத்துவது பெரிய பாடு.

என் கதை: 2019 ஏப்ரல் 10, சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல். ரயிலில் நின்றபடி, கன்னியில் இருக்கும் எம்87 கேலக்சியின் நடுவில் உள்ள கருந்துளையின் படத்தை போனில் பார்த்தேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே எம்87 கேலக்சியை 8 அங்குலத்தில் பார்த்திருந்தேன், துடைத்த பலகையில் மிச்சமிருக்கும் சாக்பீஸ் பொடி மாதிரி ஒரு மங்கல். சலிப்பாக அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த மங்கலின் நடுவில் 650 கோடி சூரியன் நிறையோடு அந்த ஆரஞ்சு வளையம் இருந்தது என்று ரயிலில் நிற்கும்போது தெரிகிறது. அரை நிமிடம்கூட அங்கே நிற்கவில்லையே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படம்கூட கண்ணால் பார்ப்பது போன்ற படம் இல்லை. 2017 ஏப்ரலில் 6 இடங்களில் இருந்த 8 ரேடியோ தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பதிவு செய்ததைச் சேர்த்துச் செய்தது. ஆரஞ்சு நிறம் நாம் போட்டது. வளையம் என்பது சுற்றியிருக்கும் சூடான வாயு. நடுவில் இருக்கும் இருட்டுதான் கருந்துளையின் நிழல். அப்படிப் பார்த்தால் அதையே "பார்த்தோம்" என்று சொல்லத் தயங்க வேண்டும். பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

வேப்பமரத்தடி

என்னிடம் தொலைநோக்கி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26, திண்டுக்கல். வளைய கிரகணம் எங்கள் ஊர் மேலேயே போனது உங்களுக்குத் தெரியும். காலை எட்டு மணியிலிருந்து கண்ணாடியை வைத்துக்கொண்டு மாடியில் நின்றேன். அம்மாச்சி கீழே வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தது. எத்தனை கூப்பிட்டும் மேலே வரவில்லை, கிரகணத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாதாம்.

ஒன்பதரை வாக்கில் கீழேயிருந்து சத்தம், "ஏ புள்ள, இங்க வந்து பாரு, ஓடியா." ஓடினேன். வேப்பமரத்தடி நிழல் முழுக்க வளையல். மண்ணில், திண்ணையில், தாம்பாளத்துத் தண்ணீரில், அம்மாச்சியின் வெள்ளைச் சேலையில், நூற்றுக்கணக்கில் ஒளி வளையல். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமராவாகி ஒவ்வொரு சூரியனைக் கீழே விழ வைத்திருந்தது. அம்மாச்சி கையை நீட்டி, அந்த வெளிச்சத்தைத் தன் மணிக்கட்டில் விழ விட்டுக்கொண்டு நின்றது. தாத்தா போனதிலிருந்து வளையல் போடாத கை.

மூன்று நிமிடம். படம் எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அம்மாச்சி இப்போது இல்லை.

குவியம்

@வேப்பமரத்தடி, உலக்கை கிரகணத்தன்றுதான் நிற்கும் என்பது தவறு. அடி தட்டையாக இருந்து, பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்திப் பாருங்கள்.

என் அனுபவம் சின்னது. 2025 கார்த்திகையில் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சனியைக் காட்டினேன். படத்தில் பார்த்த வளையத்தை எதிர்பார்த்து வந்தவன், "வளையம் எங்கேண்ணா?" என்று கேட்டான். அந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்றது, கோளின் குறுக்கே ஊசி மாதிரி ஒரு கோடுதான் தெரிந்தது. அவன் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டுப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்த 50 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பை வாங்காதீர்கள். வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கம். 50-க்கு 100. 150-க்கு 300, அதுவும் காற்று அடங்கிய இரவில் மட்டும். முதல் வருடத்துக்கு 10x50 பைனாகுலர் போதும். கார்த்திகை மீன்கள், ஓரையன் நெபுலா, ஆண்ட்ரோமெடா, வியாழனின் நாலு நிலாக்கள், எல்லாம் அதில் தெரியும். அப்புறம் வாங்கினால் 6 அங்குல டாப்சன் வாங்குங்கள். வெளியே வைத்து அரை மணி நேரம் கண்ணாடி குளிரட்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்துதான். டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் சுற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சூரியன். சில மலிவுத் தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகும் கருப்புக் கண்ணாடி ஒன்று வரும். அதைக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயில் நேராக அதன் மேல் விழுந்து சூடேறி வெடிக்கும், அந்த நேரத்தில் உங்கள் கண் அங்கேதான் இருக்கும். எனக்கு விற்ற கடைக்காரர் "இதைப் போட்டுச் சூரியனைப் பாருங்க சார்" என்றே சொன்னார். என் வீட்டில் அது வெடித்தபோது நல்லவேளையாக நான் பேனாவை எடுக்கக் குனிந்திருந்தேன். வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். தொலைநோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் பார்க்க, வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண்.

வேப்பமரத்தடி

உலக்கை எந்த நாளும் நிற்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. அம்மாச்சியிடம் அதை அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது வாசலில் உட்கார்ந்திருக்காது, வளையலை நாங்கள் யாருமே பார்த்திருக்க மாட்டோம்.

யாழ்_வானம்

வளையல் கதையை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை அக்கா. உங்களுக்கு மூன்று நிமிடம். எங்களுக்கு 2010 ஜனவரி 15, யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் வரை வளையம் நின்றது. மாட்டுப் பொங்கல் நாள். மத்தியானம் ஒன்றரை மணியளவு.

யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை வானத்தைப் பார்ப்பதென்றால் எங்களுக்கு வேறு காரணம். சத்தம் கேட்டால் பார்ப்போம், பார்த்துவிட்டு ஓடுவோம். அன்றைக்குத்தான் ஊரே, பெரியாக்கள், சின்னப் பிள்ளைகள், எல்லோரும் முற்றத்தில் வந்து ஓடாமல் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வெயில் மங்கி, பனையோலையின் நிழல் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக மணலில் கிடந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார், அம்மா என்னிடம், நான் தங்கச்சியிடம். ஒரே கண்ணாடி, பத்து நிமிடம், ஆறு பேர்.

என்னை வானியலுக்குள் இழுத்தது அந்தப் பத்து நிமிடம்தான். இப்ப எந்த இரவிலும் தொலைநோக்கியைப் பொருத்தினால் முதலில் வானத்தை வெறுங்கண்ணால் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை.

சித்தம்பூண்டிக்காரர்

நாமக்கல் மாவட்டம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறை அனார்த்தசைட் வகை, நிலவின் மேட்டு நிலத்தில் இருக்கும் பாறையோடு ஒத்துப்போகும். சந்திரயானுக்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கமிருந்துதான் பாறை போனது. சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம், ஆடு மேய்த்திருக்கிறோம். வெறும் வெள்ளைக் கல் என்றுதான் நினைப்பு.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6:04. டீக்கடை டிவியில் சந்திரயான்-3-இன் விக்ரம் நிலவில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கடையில் இருக்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். தெற்கே பாதி நிலா. கரட்டுப் பக்கம் நடந்து போய் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிலவைப் பார்த்தேன். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்கும்போது தொடர்பு அறுந்த இரவில் நான் அழுதிருந்தேன். அந்தக் கல் இப்போது என் மேசையில் இருக்கிறது. மகள் அதை நிலாக்கல் என்கிறாள், நான் திருத்துவதில்லை.

மொட்டைமாடி_ஆறங்குலம்

@கன்னிராசி_கேலக்சி, ஐயா சொல்வது சரி, நான் பார்த்தது நட்சத்திரத்தைத்தான். பெரியவரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் "பக்கத்து நட்சத்திரம்" என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1964-இல் ராக்கெட்டில் வைத்த கருவி அங்கிருந்து எக்ஸ் கதிர் வருவதை மட்டும்தான் சொன்னது. அங்கே இருப்பது என்ன என்று எடை போட்டுக் காட்டியது இந்த நட்சத்திரம். இது முன்னும் பின்னும் ஆடுவதை 1971, 72 வாக்கில் அளந்த பிறகுதான், இழுப்பது கருந்துளையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங் அது கருந்துளை இல்லை என்று இயற்பியலாளர் கிப் தோர்னோடு பந்தயம் கட்டி, 1990-இல் தோல்வியை ஒப்புக்கொண்டாரே, அந்த வழக்கின் முதல் சாட்சி இதுதான். அந்தச் சாட்சியை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம் இல்லையா?

நீங்கள் எம்87-இல் அரை நிமிடம் நிற்கவில்லை என்றீர்களே. பங்குனி, சித்திரையில் கன்னி ராத்திரி முழுக்க இருக்கும். போய் நில்லுங்கள் ஐயா.

கன்னிராசி_கேலக்சி

சாட்சி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பங்குனியில் நானும் ஜவ்வாது மலைக்கு வரலாமா? எட்டா சிக்னையிலிருந்து எந்தப் பக்கம்?

மொட்டைமாடி_ஆறங்குலம்

தாராளமாக வாருங்கள். அன்னத்தின் நெஞ்சில் இருக்கும் சாடருக்கும் அலகில் இருக்கும் ஆல்பிரியோவுக்கும் நடுவே, கழுத்தில் எட்டா. வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து முழு நிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, கிழக்கே. டாப்சனில் படம் தலைகீழாக வரும், வரைபடத்தையும் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் சொல்லிவைக்கிறேன். கம்பளி எடுத்து வாருங்கள்.