சரிவான மனை: மண் நிரப்பித் தடுப்புச்சுவர் கட்டுவதா, சரிவுக்கேற்ப வீட்டை அமைப்பதா?

கேள்வி (அருமனை)

வணக்கம். அருமனைக்கு அருகில், முன்பு ரப்பர் நின்ற 12 சென்ட் மனையில் வீடு கட்டத் திட்டமிட்டிருக்கிறோம். சாலையிலிருந்து பின் எல்லை வரையுள்ள 25 மீட்டரில் நிலம் ஏறக்குறைய 4 மீட்டர் இறங்குகிறது. எல்லைக்குக் கீழே பக்கத்து வீட்டாரின் வீடும் கிணறும் இருக்கின்றன. சாலை மட்டத்துக்கு மண் நிரப்பி, பின் எல்லையில் 4 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, ஒரே மட்டத்தில் வீட்டைக் கட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், அவர் புழங்கும் இடத்தில் படிகள் இருக்கக் கூடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட சுவர் நிலைத்து நிற்குமா? சுவர், வீடு இரண்டில் எதை முதலில் கட்டுவது?

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர், மார்த்தாண்டம்)

சுவரின் உயரத்தை முடிவு செய்துவிட்டு வீட்டைப் பற்றி யோசிக்காதீர்கள். வீட்டின் தள மட்டங்களை முடிவு செய்தால்தான் எவ்வளவு சுவர் தேவை என்பதே தெரியவரும். மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் இருமடிப்படியில் கூடுகிறது. நன்றாக நீர் வடியும் மண்ணை 2 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 1.2 டன் தள்ளுவிசை இருக்கும் என்றால், 4 மீட்டரில் அது 5 டன்னை நெருங்கும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகும். சுவருக்குப் பின்னால் மழைநீர் வடியாமல் மேல்வரை தேங்கிவிட்டால், அந்த 5 டன் 10 டன்னைத் தாண்டிவிடும். இடியும் சுவர்கள் பெரும்பாலும் கட்டிய கல்லின் குறையால் இடிவதில்லை, பின்னால் தேங்கும் நீரால்தான் இடிகின்றன.

எடையால் நிற்கும் 4 மீட்டர் கருங்கல் சுவருக்கு அடியகலம் மட்டும் 2 முதல் 2.8 மீட்டர் வரை வேண்டும். அந்த அகலம் முழுவதும் உங்கள் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும் என்பதால், மனையில் அவ்வளவு இடம் குறையும். அதோடு, புதிதாக நிரப்பிய மண்ணின்மேல் அஸ்திவாரம் வைத்தால் வீடு இறங்கும். வீட்டின் எடையும் சுவரைத் தள்ளும்.

சாலை மட்டத்தில் ஒரு தளமும், பின்பாதியில் அதற்கு 3 மீட்டர் கீழே இன்னொரு தளமும் அமைக்கலாம் என்பது என் கருத்து. அம்மாவின் அறை, சமையலறை, குளியலறை எல்லாம் மேல்தளத்தில் வந்துவிட்டால் அவருக்குப் படியே வேண்டாம். முன்பாதியை மண் நிரப்பாமல் இயற்கை நிலத்தில் ஊன்றிய தூண்களின்மேல் கான்கிரீட் ஸ்லாபாகப் போட்டால், இரண்டு தளங்களும் சேரும் இடத்தில் வரும் நடுச்சுவர் தாங்க வேண்டிய மண் ஏறக்குறைய 1 மீட்டர்தான். பின் எல்லைச் சுவரும் அதே அளவில் முடிந்துவிடும். நடுவில் வெட்டும் மண் பின்புறத்தை நிரவவே பயன்படும். வெளியிலிருந்து லாரி மண் வாங்கவும் வேண்டாம். நடுச்சுவரைக் கான்கிரீட்டில் வடிவமைத்து, மண்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுக்க மறக்காதீர்கள்.

பதில் 2 (திருவட்டாறு)

நாங்களும் ரப்பர் விளையில்தான் வீடு கட்டினோம். மண்ணைத் தொடுவதற்கு முன் மரக்குற்றிகளையும் வேர்களையும் முழுவதுமாகத் தோண்டி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவை உள்ளே மட்கும்போது மேலுள்ள மண் தாழும். மேல்மண்ணையும் வழித்து ஒதுக்கி வையுங்கள். பிறகு தோட்டத்துக்கு உதவும்.

கூரைத் தண்ணீரையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1500 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 14,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயலின்போது பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. அந்தத் தண்ணீரைக் குழாய்வழியே தொட்டிக்கோ ஓடைக்கோ கொண்டுபோங்கள். சுவருக்குப் பின்னால் மட்டும் விடாதீர்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழியையும் சுவரிலிருந்தும் கீழ்வீட்டுக் கிணற்றிலிருந்தும் முடிந்த அளவு தள்ளி வையுங்கள். அது அவர்கள் குடிக்கும் தண்ணீர்.

பதில் 3 (தக்கலை)

எல்லையோரம் மண் வெட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது. இயற்கை நிலையிலுள்ள நிலத்துக்கு அடுத்த நிலம் தரும் தாங்குதல், 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே உரிமையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்தின் பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருப்பதால், உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்பதையும் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்மாவின் தேவைக்காகவே மண் நிரப்ப நினைத்தோம். நிரப்பாமலேயே அது கிடைக்கும் என்பது இதுவரை எங்களுக்குத் தோன்றவேயில்லை. பின் எல்லைச் சுவர் 1 மீட்டர்தான் என்றால், அதற்கும் நீர்வடி துளைகள் தேவையா? வேலையை எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர், மார்த்தாண்டம்)

கட்டாயம் தேவை. 75 மில்லிமீட்டர் குழாய்களை ஏறக்குறைய 1.5 மீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்குமாறு பதியுங்கள். அவற்றின் பின்னால் களிமண் சேராத சல்லியும், சல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டித் துணியும் இருக்க வேண்டும். துணி இல்லையென்றால் துளைகள் சில மழைக்காலங்களிலேயே அடைபட்டுவிடும். துளைகளில் வரும் நீர் கீழ்வீட்டின் முற்றத்தில் விழாதபடி, சுவரடியில் உங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி ஓடையில் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில் மண்வேலையைத் தொடங்கி, எல்லைச் சுவரையும் நடுச்சுவரையும் வடிகாலோடு ஜூன் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். வெட்டிய சரிவைத் தாங்கலின்றி ஒரு மழைக்காலத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. சோதனைக்குழி தோண்டி மண்ணைப் பார்த்த பிறகுதான் அஸ்திவார ஆழத்தை உங்கள் பொறியாளர் எழுதித் தர வேண்டும். வெட்டுக்கல் (கெட்டியான செம்பாறை) எங்கே தட்டுப்படுகிறது என்பது உங்கள் மனைக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறலாம் என்பதால், மேலே ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு குழிகளாவது தோண்டிப் பாருங்கள்.