புதுப்பிப்பு: பிசி எஞ்சின் சிடி-ரோம், மெகா சிடி ஒப்பீடு

பிசி எஞ்சின், மெகா டிரைவ் இரண்டும் பழைய வீடியோ கேம் கருவிகள்; அவற்றோடு இணைக்கும் சிடி டிரைவ்கள்தான் பிசி எஞ்சின் சிடி-ரோமும் மெகா சிடியும். இவை பற்றிப் போன வாரம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். என் பழைய பிசி எஞ்சின் சிடி-ரோமில் ஒரு டிஸ்க் மட்டும் எச்சரிக்கைத் திரையோடு ஏன் நின்றுவிடுகிறது? 1991-ல் வந்த மெகா சிடியில் ஏன் 1988-ல் வந்த இதைவிட நிறங்கள் குறைவு? பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலாவது தீர்ந்தது. "கார்டைப் பார்" என்றவர் சொன்னதுதான் சரி. சிஸ்டம் கார்டு என்பது சிடி விளையாட்டுகளை ஓட்டத் தேவையான மென்பொருளோடு கருவியில் செருகும் அட்டை. என்னிடம் இருந்தது அதன் 2.1 பதிப்பு. டிஸ்க்கோ கூடுதல் ரேம் கேட்கும் சூப்பர் சிடி-ரோம் வகை. 3.0 சூப்பர் சிஸ்டம் கார்டைச் செருகியதும் ஓடியது. பழைய அமைப்பில் நிரலுக்கு 64 கேபி ரேம்தான்; இந்தக் கார்டு 192 கேபி சேர்த்து 256 ஆக்குகிறது. அதற்கு முன் லென்ஸைத் துடைத்தே இரண்டு நாள் போனது, அது வேறு கதை.

இரண்டாவதற்கும் விடை கிடைத்தது. மெகா சிடிக்குள் 12.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தனி 68000 செயலி, படத்தைச் சுழற்றிப் பெரிதாக்கும் சிப், 8 சேனல் பிசிஎம் ஒலி (பதிவு செய்த ஒலித்துணுக்குகளை இசைப்பது) எல்லாம் உண்டு. ஆனால் படம் கடைசியில் மெகா டிரைவின் வீடியோ சிப் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதனால் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 64 நிறங்கள்தான். பிசி எஞ்சினில் 480-க்கும் மேல். இரண்டிலும் மொத்த வண்ணங்கள் 512 என்பதுதான் வேடிக்கை.

எதிர்பாராதது ஒன்று: மெகா சிடி டிரைவ் வேகமானது என்று நினைத்திருந்தேன். இரண்டுமே ஒற்றை வேகம், நொடிக்கு 150 கேபி. அப்புறம், விளையாட்டைப் பாதியில் சேமித்து வைக்கும் இடம் பிசி எஞ்சினில் 2 கேபி, மெகா சிடியில் 8 கேபி.