டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) பிள்ளைகளும் பள்ளியும்: மனதை விட்டுப் போகாத ஒன்றைப் பகிருங்கள்

கணித ஆசிரியை, உயர்நிலைப் பள்ளி

பத்தாம் வகுப்பு அரையாண்டு, கணக்குத் தேர்வு. பையனுக்கு ஸ்கிரைப் (அவன் சொல்வதை எழுதித் தருபவர்) உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. "எக்ஸ் பிளஸ் த்ரீ ஹோல் ஸ்கொயர்" என்று சரியாகத்தான் சொன்னான். எழுத உட்கார்ந்தவர் தமிழாசிரியர். மூன்றின் தலையில் மட்டும் இரண்டைப் போட்டுவிட்டார். பையன் தாளையே பார்க்கிறான். எங்கோ தப்பு என்று முகத்தில் தெரிகிறது, எங்கே என்று காட்டத் தெரியவில்லை. அதன் பிறகு எல்லா வரியும் தப்பாகவே போனது.

சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே எல்லாத் தேர்வும் ஸ்கிரைப்போடு நடக்க வேண்டும். "அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி மூடு, மேலே இரண்டு" என்று சொல்லப் பழக்குங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஸ்கிரைப் உரக்கப் படித்துக் காட்ட, பிள்ளை "சரி" என்ற பிறகே அடுத்த வரி.

சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம்

மேடம், ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிப்பது மிகவும் தாமதம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'கொடி'யைக் 'கெரடி' என்று படித்தாள். வகுப்பு சிரித்தது, டீச்சர் பத்து தடவை எழுதச் சொன்னார். அவள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் படித்தாள்: ஒற்றைக்கொம்போடு க, பக்கத்தில் துணைக்கால். துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டாள். பத்து தடவை எழுதினால் அதே குழப்பம் பத்து தடவை பதியும், அவ்வளவுதான்.

இதற்கு அட்டை போதும். க, ட போன்ற அடிப்படை எழுத்துக்கு ஒரு நிறம், குறிகளுக்கு வேறு நிறம். முதலில் கா, கி, கீ என்று வலப்பக்கம் குறி வரும் எழுத்துகள். அவை தடுமாறாமல் வந்த பிறகு கெ, கே, கை. இருபக்கமும் குறி சூழ்கிற கொ, கோ கடைசியில். கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனி அட்டையாகக் கொடுத்து, பிள்ளையே நகர்த்திச் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். ண-ன, ல-ள-ழ, ர-ற எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொட்டாதீர்கள். ஒரு ஜோடி உறுதியான பிறகே அடுத்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதில் அச்சடித்த தாள் கொடுங்கள், எழுத்து பெரிதாக, வரிகளுக்கிடையே நல்ல இடைவெளியோடு. ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய அட்டையை வைத்துப் படித்தால் வரி தாவாது. எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள். முந்தின நாளே பத்தியைக் கொடுத்துவிடலாம்.

உளவியலாளர்

மதிப்பீட்டுக்கு வந்த ஓர் அம்மா, அட்டை போட்ட சுத்தமான நோட்டுகளாகக் கொண்டுவந்திருந்தார். அழகான கையெழுத்து, ஒரு பிழை இல்லை. எல்லாம் பலகையைப் பார்த்து எழுதியவை. பையில் அடியில் கிடந்த ரஃப் நோட்டில், சொல்வதெழுதுதல் பக்கத்தில்தான் விஷயமே இருந்தது. பெற்றோரே, அதைக் கொண்டுவாருங்கள். தேர்வு விடைத்தாள்களும் வகுப்பாசிரியரின் கடிதமும் வேண்டும். முதலில் கண், காது பரிசோதனை, பிறகு அறிவுத்திறன் சோதனை, அதன் பிறகே கற்றல் குறைபாட்டுக்கான நிம்ஹான்ஸ் (பெங்களூரு மனநல நிறுவனம்) சோதனை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 வழிகாட்டு நெறிப்படி சான்றிதழ் எட்டு வயதிலிருந்து என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு இருந்தது. 2024இல் புதிய நெறி வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு முன் மறுமதிப்பீட்டைத் தவறவிடாதீர்கள்.

பள்ளி ஒருங்கிணைப்பாளர், சிபிஎஸ்இ

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லாருக்கும் ஸ்கிரைப் எதற்கு? மெதுவாக, ஆனால் புரியும்படி எழுதும் பிள்ளையிடமிருந்து பேனாவை வாங்கினால் அதன் சிந்தனை அறுந்துபோகிறது. எங்களிடம் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். வகுப்புத் தேர்வில் ஒரே பாடத்தை இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள்: ஒருமுறை கூடுதல் நேரம் மட்டும், மறுமுறை ஸ்கிரைப்போடு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

கணித ஆசிரியை

சார், அந்தப் பையன் எழுதியதை அவனாலேயே திரும்பப் படிக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சொன்னேன்.