பிஎச்டி தீசிஸ் எடிட்டிங் வெளிய குடுக்கலாமா? அப்ஸ்ட்ராக்ட்டும் அவங்களே எழுதித் தர்றேன்ங்கறாங்க

வறட்டாறு_கரை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். எகனாமிக்ஸ்ல பிஎச்டி, பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூகா கிழக்கால பரம்பிக்குளம் ஆழியாறு (தமிழ்நாடும் கேரளாவும் பங்கு போட்டுக்கற பாசனத் திட்டம்) தண்ணி எப்படி வருது, வராதப்ப விவசாயி போர்வெல்லுக்கு எவ்வளவு செலவு பண்றான், அதான் விஷயம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்ல க்ளாஸ் மலையாளத்துல கேட்டு பரீட்சை இங்கிலீஷ்ல எழுதினவன், இப்ப தீசிஸ் முழுக்க இங்கிலீஷ்ங்கறப்ப திணறுது. கைடு ட்ராஃப்ட் படிச்சுட்டு விஷயம் நல்லாருக்கு, லாங்வேஜ் மட்டும் ப்ரொஃபஷனலா யார்கிட்டயாவது காட்டுன்னுட்டார்.

ரெண்டு எடத்துல விசாரிச்சேன். டவுன்ல ஒரு டைப்பிங் பைண்டிங் கடை, ஒரு பேக்கேஜ் ரேட்டு, கரெக்‌ஷன் பண்ணி, சிமிலாரிட்டி (மத்தவங்க எழுதினதோட ஒத்துப்போற அளவு) 10 பர்சென்ட்டுக்கு கீழ கொண்டுவந்து, அப்ஸ்ட்ராக்ட்டும் (தீசிஸோட சுருக்கம்) எழுதி, பைண்ட் பண்ணி ஒரே வாரத்துல கையில குடுத்துருவாங்களாம். இன்னொண்ணு ஆன்லைன்ல ஒரு எடிட்டர், வார்த்தைக்கு இவ்வளவுன்னு கணக்கு, கூட்டிப்பாத்தா கடைய விட ரொம்ப ஜாஸ்தி, ஒரு மாசத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க, அப்ஸ்ட்ராக்ட் எழுதித் தரமாட்டேன் நீங்க எழுதுங்க திருத்தித் தர்றேன்னு வேற. காசு ஜாஸ்தி வாங்கறவங்க வேல கம்மியா பண்றாங்களே, இதென்னங்க கணக்கு? அப்பறம் வெளிய குடுத்து திருத்தறது தப்பில்லீங்களே?

பொள்ளாச்சி_ரோடு

கடையிலயே குடுங்க ப்ரோ. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான், வைவா (வாய்மொழித் தேர்வு) முடிஞ்சு இப்ப வேலைக்கே போயிட்டாங்க. எக்ஸாமினர் அம்புட்டு பக்கத்தையும் வரி வரியா படிக்கப்போறதில்ல, மிஞ்சிப்போனா அப்ஸ்ட்ராக்ட்டும் கடைசி சாப்டரும். இதுக்குப் போயி ஒரு மாசம் காத்திருக்கணுமா.

சிவப்பு_மை

பொள்ளாச்சி தம்பி சொல்றது போன தலைமுறைக்கு சரி. இப்ப டிகிரி அவார்ட் பண்றதுக்கு முன்னாடியே தீசிஸோட சாஃப்ட் காப்பி இன்ஃப்ளிப்நெட்டுக்கு (யூனிவர்சிட்டி லைப்ரரிகள இணைக்கற மத்திய அமைப்பு) போகணும், அது அவங்களோட ஆன்லைன் தீசிஸ் களஞ்சியம் சோத்கங்கால ஏறிரும், உலகத்துல யார் வேணா எறக்கிப் படிக்கலாம். எக்ஸாமினர் படிக்கலேன்னாலும் பத்து வருஷம் கழிச்சு உங்க ப்ரொமோஷன் சமயத்துல யாராவது படிப்பாங்க.

நான் பாலக்காட்டுல இருந்து இந்த வேலைதான் பண்றேன், தீசிஸ், ஜர்னல் பேப்பர், அதனால என் பக்கம் சாய்ஞ்சு பேசறேன்னு தோணினா அப்படியே எடுத்துக்கோங்க. வெளிய குடுத்து லாங்வேஜ் திருத்தறது தப்பே கிடையாது. எதத் திருத்தறாங்கங்கறதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவுல எடிட்டர்களோட சங்கம், இன்ஸ்டிடியூட் ஆஃப் புரொஃபஷனல் எடிட்டர்ஸ்னு பேரு, தீசிஸ் எடிட்டிங்குக்குன்னே ஒரு வழிமுறை வெச்சிருக்காங்க, அதுல காப்பி எடிட்டிங்கும் ப்ரூஃப் ரீடிங்கும் மட்டும்தான் எடிட்டர் தொடலாம். அதாவது இலக்கணம், ஸ்பெல்லிங், வாக்கியம் தெளிவா இருக்கா, ஒரே பேர ஒரே மாதிரி எழுதியிருக்கா, டெக்ஸ்ட்டுல சொன்ன ரெஃபரன்ஸ் கடைசி லிஸ்ட்டுல இருக்கா, டேபிள் நம்பர் ஒத்துப்போகுதா. வாதத்த மாத்தறது, சாப்டர இடம் மாத்தி அடுக்கறது, டேட்டாவுக்கு அர்த்தம் சொல்றது எல்லாம் உங்க வேல, உங்க கைடு வேல. சந்தேகம் இருந்தா மார்ஜின்ல ஒரு கேள்வி போடுவோம், அவ்வளவுதான். உங்க விஷயத்துலயே பாருங்க, மணக்கடவு அணைக்கட்டுல தமிழ்நாடு கேரளாவுக்கு தரவேண்டியது வருஷத்துக்கு 7.25 டிஎம்சி (நூறு கோடி கன அடி கணக்கு), 1970 ஒப்பந்தத்துல இருக்கு. ஒரு சாப்டர்ல நீங்க 7.25ன்னும் இன்னொரு சாப்டர்ல 7.5ன்னும் எழுதியிருந்தா நல்ல எடிட்டர் தானா மாத்தமாட்டாங்க, எது சரின்னு உங்களக் கேப்பாங்க. கடைக்காரர் ஒண்ணு பாக்கவே மாட்டார், இல்ல பாத்து அவர் இஷ்டத்துக்கு ஒண்ண அடிச்சு வெச்சிருவார்.

அந்த சிமிலாரிட்டி கொறைக்கற சமாச்சாரந்தான் எனக்கு வயித்தெரிச்சல். 2018ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) காப்பியடிக்கறதத் தடுக்க கொண்டுவந்த ரெகுலேஷன் படி 10 பர்சென்ட் வரைக்கும் தண்டனை கிடையாது, 10ல இருந்து 40 வரைக்கும் திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கணும், 40ல இருந்து 60ன்னா ஒரு வருஷம் குடுக்கவே முடியாது, 60க்கு மேல ரெஜிஸ்ட்ரேஷனே போச்சு. இது எல்லாருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா அந்தக் கணக்குல ரெஃபரன்ஸ் லிஸ்ட், பொருளடக்கம், முகவுரை (ப்ரிஃபேஸ்), நன்றியுரை, முறையா மேற்கோள் காட்டினது எதுவும் சேராது, பொதுவா எல்லாரும் எழுதற தொடர் 14 வார்த்தை வரைக்கும் விட்டுருவாங்க. அதெல்லாம் கழிக்காம ஒரு ரிப்போர்ட் எடுத்து உங்க கண்ணுல காட்டி பயமுறுத்தி, அப்பறம் ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாத்து வார்த்தை போட்டுத் தருவாங்க. அப்படிப் பண்ணின பேப்பர்கள்ல 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' போயி 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆயிருச்சு, 'பிரெஸ்ட் கேன்சர்' 'பூஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆயிருச்சு, சிரிக்கறதுக்கு சொல்லல, நெசமாவே ஜர்னல்ல வந்தது, 2021ல சில ஆராய்ச்சியாளர்கள் இத மாதிரி வார்த்தையெல்லாம் தேடிப் புடிச்சு லிஸ்ட் போட்டாங்க, அதுக்கப்பறம் எத்தனையோ பேப்பர வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. உங்க தீசிஸ்ல 'கிரவுண்ட்வாட்டர்'ங்கறத எவனாவது 'மண்ணுக்கடி திரவம்'ங்கற மாதிரி இங்கிலீஷ்ல மாத்தி வெச்சா வைவாவுல யாருங்க பதில் சொல்றது? சொந்த வேலைதான்னு கையெழுத்துப் போட்டு உறுதி குடுக்கறது நீங்க, அதுக்கு சர்டிஃபிகேட் குடுக்கறது உங்க கைடு. கடைக்காரர் பேர் எங்கயும் இருக்காது.

காசு ஏன் ஜாஸ்தின்னு கேட்டீங்க. நிதானமா பாத்தா எனக்கு ஒரு மணி நேரத்துல ஆயிரம் வார்த்தை நகர்ந்தா பெருசு, டேபிளும் ரெஃபரன்ஸும் வந்தா அதுவும் கிடையாது. 60,000 வார்த்தை தீசிஸ்னா நீங்களே கணக்குப் போடுங்க. ஒரு வாரத்துல, அதுவும் பைண்டிங்கோட முடிக்கறவங்க படிக்கறதில்ல தம்பி, ஸ்பெல் செக் ஓட்டறாங்க. ரேட்டு பேசறப்ப பக்கக் கணக்கா வார்த்தைக் கணக்கான்னு கேட்டுக்கோங்க, டபுள் ஸ்பேஸ்ல ஒரு பக்கத்துக்கு 250, 300 வார்த்தைதான் வரும், சிங்கிள் ஸ்பேஸ்ல அது ரெண்டு பங்கு, அங்கதான் சண்டை வரும். மொத்தத்தையும் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பக்கம் சாம்பிள் பண்ணித் தரச்சொல்லுங்க. ட்ராக் சேஞ்சஸ் (மாத்தினதெல்லாம் குறிச்சுக் காட்டறது) போட்ட ஃபைல் ஒண்ணு, க்ளீன் ஃபைல் ஒண்ணு ரெண்டும் வரணும், என்ன மாத்தினாங்கன்னு தெரியாம வாங்காதீங்க. கைடுகிட்ட முன்கூட்டியே எழுத்துல சொல்லிருங்க, உங்க யூனிவர்சிட்டி ரூல்ல தனியா ஏதாவது இருக்கான்னும் பாருங்க, அக்னாலெட்ஜ்மென்ட்ல இன்னார் லாங்வேஜ் எடிட்டிங் பண்ணினாங்கன்னு ஒரு வரி போடுங்க. அந்த வரி போட வெக்கப்படற மாதிரி வேலன்னா அந்த வேலைய குடுக்காதீங்க.

வறட்டாறு_கரை

ரொம்ப நன்றிங்க அக்கா. கைடுக்கு மெயில் போட்டுர்றேன். ஆனா அப்ஸ்ட்ராக்ட்தான் உக்காந்தா வரமாட்டேங்குது. இப்ப இருக்கறது இப்படி ஆரம்பிக்குதுங்க (தமிழ்ல சொல்றேன்): "தண்ணீர் மனித வாழ்வின் அடிப்படை. விவசாயம் இந்தியாவின் முதுகெலும்பு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தாகி 1958ல் இருந்து அமலுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது..." இப்படியே ஒப்பந்தத்தோட கதை அரைப்பக்கம் போயி கடைசியில "விவசாயிகளிடம் தரவுகள் சேகரிக்கப்பட்டன, முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன, பரிந்துரைகள் வழங்கப்பட்டுள்ளன"ன்னு முடியுது.

சிவப்பு_மை

மொத ரெண்டு வரியத் தூக்குங்க, தண்ணி வேணும்னு எக்ஸாமினருக்கு தெரியும். ஒப்பந்தத்தோட கதை மொத சாப்டர்ல இருக்கட்டும், இங்க ஒரே வரி. "முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன"ங்கறது முடிவே இல்ல, அது பொருளடக்கம். உங்க முடிவு என்ன? என்கிட்ட வாயில சொல்லுங்க, எழுதாதீங்க.

வறட்டாறு_கரை

அக்கா வாயிலன்னா... வாய்க்காலோட கடைசில இருக்கற எருத்தேன்பதி வடகரப்பதி பக்கம் தண்ணி வர்றது எப்பன்னு நிச்சயம் இல்ல, அதனால தண்ணி வருமோ வராதோங்கற பயத்துலயே போர் போடறாங்க, தண்ணி வந்த வருஷத்துலயும் போடறாங்க, அதுதான் நான் எதிர்பாக்கல. சின்ன விவசாயி கடன் வாங்கிப் போட்டு அது வத்திப்போயி திரும்பப் போட்டு, கடைசியில நெலத்துல பாதிய தென்னைக்கு மாத்திட்டு கூலி வேலைக்குப் போறாங்க. அதாவது எவ்வளவு தண்ணி வருதுங்கறத விட எப்ப வரும்னு தெரியறதுதான் முக்கியம்னு என் டேட்டா சொல்லுது.

சிவப்பு_மை

இதாங்க அப்ஸ்ட்ராக்ட். இவ்வளவு நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? உங்க தீசிஸ்லயே பெரிய விஷயம் அந்தக் கடைசி வரி, அது அப்ஸ்ட்ராக்ட்ல ஒரு எழுத்து கூட இல்ல. எடம் எதுன்னு ஒரு வரி, இதுவரைக்கும் எல்லாரும் தண்ணியோட அளவப் பத்தியே பேசினாங்க நேரத்தப் பத்தி பேசலன்னு ஒரு வரி (இது நெசமா உங்க லிட்ரேச்சர் ரிவ்யூல, அதான் முந்தின ஆய்வுகளப் பத்தின சாப்டர்ல, நிக்குதான்னு பாத்துக்கோங்க). எத்தனை வீடு, எந்த வருஷம், எப்படி தேர்ந்தெடுத்தீங்க, என்ன மாடல்ல போட்டுப் பாத்தீங்கன்னு ரெண்டு வரி. மிச்சம் பாதிக்கு மேல முடிவு, நம்பரோட. "கணிசமாக அதிகரித்தது" வேண்டாம், எவ்வளவுன்னு போடுங்க. பரிந்துரை ஒரே ஒரு வரி, தண்ணி தெறக்கற தேதிய முன்னாடியே அறிவிக்கறதப் பத்தின்னா அத நேரா சொல்லுங்க. பண்ணின வேலையும் கெடச்ச முடிவும் பாஸ்ட் டென்ஸ்ல, அதுல இருந்து நீங்க சொல்ற கருத்து ப்ரெசன்ட்ல. ரெஃபரன்ஸ் எதுவும் உள்ள வராது, சுருக்கெழுத்துன்னா மொத தடவ விரிச்சு எழுதணும். ஜர்னலுக்கு அனுப்பறப்ப ஏபிஏ ஸ்டைல்னா (அமெரிக்க உளவியல் சங்கத்தோட எழுத்து முறை) 250 வார்த்தைதான் வழக்கம், தீசிஸுக்கு யூனிவர்சிட்டி எவ்வளவு கேக்குதோ அவ்வளவு. அந்த ஆன்லைன் எடிட்டர் ஏன் எழுதித் தரமாட்டேன்னாங்கன்னு இப்ப புரிஞ்சிருக்கும், இந்த விஷயம் ஃபைல்லயே இல்ல, உங்க வாயிலதான் இருந்துச்சு.

குப்பம்_பாலாறு

நான் ஆந்திரா பக்கம்பா, குப்பம். எடிட்டர்கிட்ட குடுக்கறப்ப ஊர் பேர், ஆத்து பேர் லிஸ்ட் ஒண்ணு தனியா எழுதிக் குடுத்துருங்க. உங்க சித்தூர இங்கிலீஷ்ல ஒரு யூ போட்டு எழுதணும், எங்க சித்தூருக்கு ரெண்டு ஓ. வெளியூர் எடிட்டர் ஆட்டோகரெக்ட்ட நம்பி எல்லாத்தையும் ரெண்டு ஓவா மாத்திட்டா உங்க ஆயக்கட்டு (பாசன நெலம்) பூரா எங்க ஜில்லாவுக்கு வந்துரும், எங்களுக்கு தண்ணி வந்தா சந்தோஷந்தான்.

இன்னொண்ணு, தமிழ்ல தீசிஸ் எழுதறவங்க இத படிச்சா அவங்களுக்கு. பழைய ஃபான்ட்ல டைப் அடிச்ச ஃபைல அப்படியே குடுக்காதீங்க. கண்ணுக்கு தமிழ் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்து, சிமிலாரிட்டி சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் புரியாது, சோத்கங்கால ஏத்தினாலும் தேடினா சிக்காது. யூனிகோடுக்கு மாத்திட்டு அப்பறம் எடிட்டருக்கு குடுங்க, மாத்தறப்ப ஒற்றைக் கொம்பு ரெட்டைக் கொம்பு இடம் மாறி விழும், அத ஒரு தடவ முழுசா பாக்கணும். எடிட் பண்ணி முடிச்சப்பறம் மாத்தினா மறுபடியும் மொதல்லருந்து.

பொள்ளாச்சி_ரோடு

சரி அக்கா ஒத்துக்கறேன். ஆனா இப்ப ஏஐ இருக்கே, ஃப்ரீயா போட்டு வாங்கிக்கலாமே, எடிட்டரும் வேண்டாம் கடையும் வேண்டாம்?

சிவப்பு_மை

வாக்கியம் சரியான்னு கேக்கறதுக்கு யூஸ் பண்ணுங்க, நானே பண்றேன். சாப்டர் மொத்தமா குடுத்து நல்லா எழுதித் தான்னா அந்தக் கடை பண்றதயே இன்னும் அழகான இங்கிலீஷ்ல பண்ணும். கேக்காத ரெஃபரன்ஸ் எல்லாம் சேத்து வெக்கலாம், அதுல சிலது உலகத்துலயே இருக்காது. உங்க ஃபீல்ட் டேட்டாவுல விவசாயி பேரு, கடன் விவரம் இருந்தா அத எங்கயும் அப்லோட் பண்ணாதீங்க, அவங்க உங்கள நம்பி சொன்னது. யூனிவர்சிட்டி ஏஐ பத்தி அறிவிப்பு ஏதாவது போட்டிருந்தா அதுதான் ரூல், என் பேச்சு இல்ல.

வறட்டாறு_கரை

கைடு பதில் போட்டுட்டாருங்க, எடிட்டருக்கு குடுக்கலாம், ட்ராக் சேஞ்சஸ் ஃபைல எனக்கும் அனுப்புன்னுட்டார். அப்ஸ்ட்ராக்ட் நானே எழுதிட்டு இருக்கேன். கீவேர்ட்ஸ் எத்தனை வெக்கறதுங்க அக்கா?

சிவப்பு_மை

யூனிவர்சிட்டி சொல்லலேன்னா அஞ்சு போதும். தலைப்புல இருக்கறதயே திரும்ப வெக்காதீங்க, உங்க வாய்க்காலுக்கு தண்ணி பிரியற மூலத்தறைன்னு ஒண்ணு வைங்க, உங்க பக்கத்து பசங்க தேடறப்ப சிக்கும்.