கைத்துப்பாக்கிக்கு நைட் சைட்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

குழு: டெக்சஸ் சொந்தங்கள்

கார்த்திக்: மாமா, வணக்கம். எங்களிடம் இருக்கும் ஐந்தாம் தலைமுறை குளோக் 19 கைத்துப்பாக்கியில், வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் சைட்தான் (குறிபார்க்கும் பகுதி) இன்னும் இருக்கிறது. பகலில் ரேஞ்சில் சுடும்போது அதன் வெள்ளைப் புள்ளியே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்தி சாய்ந்த பிறகு முன் சைட் கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை. இருட்டில் தானாக ஒளிரும் புள்ளி கொண்ட நைட் சைட் மாற்றலாம் என்று நானும் நித்யாவும் நினைக்கிறோம். எந்த வகை வாங்குவது, வீட்டிலேயே பொருத்தலாமா என்று சொல்லுங்கள்.

சுந்தரம் மாமா: மாற்றுவது நல்ல முடிவு, மாப்பிள்ளை. வாங்குவதற்கு முன்பு, நைட் சைட் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள். அது இருட்டில் இலக்கைக் காட்டாது. உன் துப்பாக்கியின் முன் சைட்டும் பின் சைட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை மட்டுமே காட்டும். எதிரே நிற்பவர் யார் என்று அடையாளம் தெரியாமல் எந்த நேரத்திலும் சுடக்கூடாது. ஆகவே டார்ச் விளக்கு இல்லாமல் நைட் சைட்டை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. விளக்கைப் போட்டுவிட்டால் எதிரே உள்ள வெளிச்சத்தில் சைட் கருநிழலாகத் தெரியும், அப்போது சைட்டில் ஒளிரும் பச்சைப் புள்ளி உனக்குத் தேவைப்படாது. ஆள் தெரிகிற அளவு வெளிச்சம் இருந்தும் கறுப்புச் சைட் தெரியாமல் போகிற அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் நைட் சைட் தன் வேலையைச் செய்கிறது.

அருண்: அப்படியானால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று புள்ளிகளும் பளிச்சென்று எரிகிற வகையை வாங்கிக்கொள்ளலாமே, அண்ணா. கடையில் அதுதான் அழகாகத் தெரிந்தது.

சுந்தரம் மாமா: கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத்தான் தெரியும், அருண். பதற்றத்தில் துப்பாக்கியை உயர்த்தும்போது ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தால், எது முன் சைட் என்று கண் தேட வேண்டியிருக்கும். ஓரப் புள்ளியை நடுப்புள்ளி என்று எடுத்துக்கொண்டால் குண்டு இலக்கை விட்டு வெகுவாக விலகிப் போகும். முன் சைட்தான் கண்ணில் முதலில் பட வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் முன் விளக்கைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் தடித்த வளையம் போட்டு, பின் சைட்டை வெறும் கறுப்பாகவோ மங்கலான விளக்குகளோடோ செய்கின்றன. டிரிஜிகான் எச்டி, அமெரிகுளோ ஆகியவற்றில் இந்த அமைப்பு கிடைக்கும். ஐம்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு அருகில் உள்ள முன் சைட் மசமசப்பாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அந்த வளையம் இருப்பதால் உடனே கிடைத்துவிடுகிறது.

நித்யா: மாமா, அந்த வளையமும் இரவில் ஒளிருமா? பச்சை விளக்குக்குப் பதிலாக வேறு நிறம் வாங்கினால் என்ன?

சுந்தரம் மாமா: வளையம் வெறும் வர்ணம், நித்யா. சில வகைகளில் வெளிச்சம் பட்டபின் சிறிது நேரம் ஒளிரும், பிறகு அணைந்துவிடும். உள்ளே இருக்கும் சிறு குழாய்தான் இரவு முழுவதும் தானாக எரியும். மங்கலான ஒளியில் மனிதக் கண் பச்சையைத்தான் மற்ற நிறங்களைவிடப் பிரகாசமாகக் காண்கிறது, ஆகவே முன்னால் பச்சையே இருக்கட்டும். பின்னால் விளக்கு வேண்டுமென்றால் மஞ்சளோ ஆரஞ்சோ வைத்துக்கொள்ளலாம், இரண்டும் குழம்பாது.

மீனா அக்கா: நடுவில் வருகிறேன், மாமா. அந்தக் குழாய்க்குள் இருப்பது டிரிட்டியம், அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் நித்யா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெளியிடும் பீட்டா கதிர் மிகவும் வலுக்குறைந்தது. கண்ணாடிக் குழாயையே தாண்டி வெளியே வராது, தோலின் மேல்படலத்தைக்கூடத் துளைக்காது. குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மீது அந்தக் கதிர் படுவதால்தான் ஒளி வருகிறது, மின்கலம் எதுவும் இல்லை. நான் மருத்துவமனையில் கதிரியக்க மருந்துகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், உடையாத குழாயால் உங்களுக்கு ஆபத்து இல்லை.

நித்யா: உடைந்துவிட்டால், அண்ணி?

மீனா அக்கா: சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அந்த அறையை விட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள். வாயு காற்றில் கலந்து மிக விரைவில் நீர்த்துப்போகும். உடைந்த பகுதியை வெறும் கையால் தொடாமல், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடைந்தாலும் ஒளி மங்கினாலும் குப்பையில் போடக்கூடாது, தயாரித்த நிறுவனத்திடமே திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பொருளைத் தயாரித்து விற்பவரிடம் உரிமம் கேட்கிறது. வாங்கிப் பயன்படுத்தும் நமக்கு உரிமம் தேவையில்லை. இன்னொன்று, டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டுகள். பழைய இருப்பை விலை குறைவாகக் கொடுத்தால், பெட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆறு வருடம் கடையில் தூங்கிய சைட்டில் ஏறக்குறைய முப்பது சதவீத ஒளி ஏற்கெனவே போயிருக்கும்.

கார்த்திக்: நன்றி அக்கா, தேதியைப் பார்த்தே வாங்குகிறேன். உயரம் பற்றிச் சந்தேகம் இருக்கிறது, மாமா. குளோக் பின் சைட்டில் 6.5 என்றும் 6.9 என்றும் பல அளவுகள் இருக்கின்றனவே?

சுந்தரம் மாமா: அந்த எண் மில்லிமீட்டரில் உள்ள உயரம். 6.5 என்பதுதான் வழக்கமான அளவு. பின் சைட் உயர்ந்தால் குண்டும் மேலே போகும்; முன் சைட் உயர்ந்தால் குண்டு கீழே போகும். ஒரே நிறுவனத்தின் முன்பின் இணையை, உன் மாடலுக்கு என்றே குறித்திருப்பதை வாங்கு, இரண்டு நிறுவனங்களைக் கலக்காதே. பின்னாளில் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல், ஏனென்றால் சாதாரண உயரச் சைட் அந்தக் கண்ணாடிக்குக் கீழே மறைந்துபோகும். அதற்கு உயரமான சைட் வாங்க வேண்டும்.

கார்த்திக்: ரெட் டாட் இப்போதைக்கு இல்லை, மாமா. பொருத்துவது எப்படி?

சுந்தரம் மாமா: முதலில் குண்டு நிரப்பும் மேகசினை எடுத்துவிட்டு, மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்து, குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார். குண்டுகளை அடுத்த அறையில் வை. குளோக்கைப் பிரிப்பதற்குச் சுடும் விசையை (ட்ரிகர்) அழுத்தித்தான் ஆக வேண்டும் என்பதால், இந்த இடத்தில் அவசரம் காட்டியவர்களால்தான் வீட்டுச் சுவர்களில் ஓட்டை விழுகிறது. பிறகு ஸ்லைடைத் தனியாக எடுத்து, பாரலையும் (குழல்) ஸ்பிரிங்கையும் கழற்றிவிடு.

முன் சைட் எளிது. ஸ்லைடின் உள்ளிருந்து மேல்நோக்கி ஒரு சிறு அறுகோணத் திருகு அதைப் பிடித்திருக்கும். அதற்கு 3/16 அங்குல மெல்லிய சுவர் கொண்ட நட் டிரைவர் வேண்டும். சாதாரண சாக்கெட் அந்த இடுக்கில் நுழையாது. புதிய திருகில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு, திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரே ஒரு சொட்டு போடு. அது விளக்குக் குழாயின் மீது படக்கூடாது. சைட் நேராக நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே இறுக்கு. அந்தத் திருகு மிகச் சிறியது, முழுப் பலத்தையும் கொடுத்தால் தலை முறிந்துவிடும். லாக்டைட் முழுதாக இறுக ஒரு நாள் விட்டுவிடு.

அருண்: பின் சைட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், மாமா.

சுந்தரம் மாமா: பழைய பிளாஸ்டிக் சைட்டை அப்படிக் கழற்றலாம், தவறில்லை. புதியதை நான் அப்படிப் பொருத்த மாட்டேன். பின் சைட் புறாவின் வால் போல் விரிந்த வடிவத்தில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமாக உட்காருகிறது. உள்ளே கண்ணாடிக் குழாய் இருக்க, ஒவ்வொரு அடியும் அதற்கு அதிர்ச்சிதான். சைட் புஷர் என்ற கருவி ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு திருகு மூலம் மெதுவாகத் தள்ளும். அதன் விலை ஒரு முறை வேலைக்கு அதிகம் என்பதால், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுவதே மலிவு. சைட் மிகவும் இறுக்கமாக இருந்தால் அதன் அடிப்பகுதியை மட்டுமே மென்மையாக அரத்தால் தேய்க்க வேண்டும். ஸ்லைடின் பள்ளத்தில் அரம் படவே கூடாது. சைட்டை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், ஸ்லைடை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

ஸ்மித் அண்ட் வெசனின் எம் அண்ட் பி கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்கவும். அதன் பின் சைட்டுக்கு அடியில் ஸ்ட்ரைக்கர் பிளாக் என்ற பாதுகாப்புத் தடுப்பின் ஸ்பிரிங்கும் அதன் மூடியும் இருக்கின்றன. சைட் நகர்ந்தவுடன் அவை எகிறி அறையின் மூலைக்குப் போய்விடும், விரலால் மூடிக்கொண்டே தள்ள வேண்டும்.

நித்யா: பொருத்திய பிறகு குண்டு இடப்பக்கம் விழுந்தால், மாமா?

சுந்தரம் மாமா: பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும், நித்யா. குளோக் 19-இல் இரு சைட்டுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு அங்குலம். எனவே பத்து கெஜத்தில், அதாவது 360 அங்குலத்தில், பின் சைட் நூறில் ஒரு பங்கு அங்குலம் நகர்ந்தால் குண்டு அரை அங்குலத்துக்கும் சற்று மேலாக இடம் மாறும். தலைமுடி அளவு நகர்வே போதும் என்று இதிலிருந்து தெரியும். ஆனால் வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் கீழே விழுவது பெரும்பாலும் விசையை இழுக்கும் விரலின் பழக்கம், சைட்டின் குற்றமல்ல. மணல் மூட்டையில் கையைச் சாய்த்து, ஐந்து ஐந்தாகச் சுட்டு, உங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதா என்று பார்த்த பிறகே அதை நகர்த்த வேண்டும்.

கார்த்திக்: புரிந்தது, மாமா. முன்னால் ஆரஞ்சு வளையத்தோடு பச்சை விளக்கு, பின்னால் வெறும் கறுப்பு, வழக்கமான உயரம் என்று எடுத்துக்கொள்கிறேன். பின் சைட்டைக் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுகிறேன்.

மீனா அக்கா: துப்பாக்கி வழக்கம்போல் பூட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், தம்பி. பிள்ளைகளுக்குப் பச்சை விளக்கைக் காட்ட வேண்டும் என்று வெளியே எடுக்காதே.

கார்த்திக்: எடுக்க மாட்டேன், அக்கா. பெட்டியின் எண் எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

சுந்தரம் மாமா: பொருத்தியதும் சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்கு வந்துவிடுங்கள். என் புஷரையும் மணல் மூட்டையையும் கொண்டு வருகிறேன். நகர்த்த வேண்டியிருந்தால் அங்கேயே நகர்த்திவிடலாம்.